யாழ்ப்பாண பஸ் ஏறுமுன் கோட்டேக்கு ஒரு நாள்

வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் ஆட்கள் கொழும்பில் நாட்களை எப்படிக் கழிக்கிறார்கள் என்பது வெள்ளவத்தையில் இருக்கிற எனக்கு நன்றாகத் தெரியும். கட்டுநாயக்காவில் இறங்கி, காலி வீதிப் பக்கம் அறை எடுத்து, புடவைக்கடையும் நகைக்கடையும் ஏறி இறங்கி, இரண்டாம் நாள் இரவே யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு ராசா, அரண்மனை என்று எதையாவது காட்டவேண்டுமென்றால் கண்டிக்கு வான் பிடிப்பார்கள். ஏறக்குறைய 150 வருடம் அரசு இருந்த ஊர் ஒன்று வெள்ளவத்தையிலிருந்து அரைமணி நேரத் தூரத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.

முதலில் பெயரைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கோட்டை வேறு, கோட்டே வேறு. கோட்டை என்றால் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ரயில் நிலையம் இருக்கும் இடம். கோட்டே என்றால் ஸ்ரீ ஜயவர்தனபுர, பழைய ராசதானி. கனடாவிலிருந்து வந்த என் மாமி குடும்பத்தை ஓட்டோக்காரர் ஒருவர் நேரே ரயில் நிலையத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். அதனால் ‘பிட்டகோட்டே’ என்றே சொல்லுங்கள். புறக்கோட்டை என்பதுதான் அதன் பொருள். உள்ளே இருப்பது எத்துல்கோட்டே, அதாவது உட்கோட்டை. மீட்டர் போட்ட ஓட்டோவில் ஏறுங்கள், அல்லது கைபேசிச் செயலியில் பிடியுங்கள். பேரம் பேசும் தொல்லை இல்லை.

காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். பத்து மணிக்குப் பிறகு வெயில் தாங்காது. பெரிய அரண்மனை எதையும் எதிர்பார்க்கவேண்டாம். இருப்பவை அகழியின் மிச்சமும் மதிலின் அடியும் சில கற்தளங்களும்தான். அவையும் வீடுகளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் சிதறிக் கிடக்கின்றன. ஆனால் அந்த மதிலுக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். கபுக் கல், அதாவது செம்புரைக்கல். துருப்பிடித்த இரும்பின் நிறம், தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். மழை பெய்த மறுநாள் விரலை வைத்தால் செம்மண் ஒட்டும், ஓட்டைகளுக்குள் பாசி பிடித்திருக்கும். என் மருமகள் அதில் கையை வைத்துக்கொண்டு, “இதை யாருக்குப் பயந்து கட்டினார்கள்?” என்று கேட்டாள். எங்களுக்குப் பயந்துதான் என்றேன்.

பகிடிக்குச் சொல்லவில்லை. 14ஆம் நூற்றாண்டில் அழகக்கோனார் என்ற பிரதானி இந்தக் கோட்டையைக் கட்டியதே யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளை எதிர்க்கத்தான். தென்மேற்குக் கரையில் வரி தண்டுமளவுக்கு அப்போது அவர்கள் கை ஓங்கியிருந்தது. அந்த அழகக்கோனார் குடும்பமும் தென்னிந்திய வஞ்சியிலிருந்து வந்ததாகவே சொல்லப்படுகிறது. தெரிந்தெடுத்த இடமும் நல்ல இடம். மூன்று பக்கம் தியவன்னா ஓயாவும் சதுப்பும், தெற்கே மட்டும்தான் தரை. அங்கே அகழி வெட்டி மதில் எழுப்பினார்கள். பிட்டகோட்டேப் பக்கத்தில் நீங்கள் பார்ப்பது அதன் மிச்சம். 1415 அளவில் ஆறாம் பராக்கிரமபாகு இதைத் தலைநகராக்கினான். 1565இல் போர்த்துக்கேயர் தங்கள் பாதுகாப்பில் இருந்த தர்மபால மன்னனைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனதும் ஊர் கைவிடப்பட்டது. கற்களைப் பிற்காலத்தவர்கள் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எத்துல்கோட்டேயில் அழகேஸ்வர மேட்டையும் பாருங்கள். கோட்டே ரஜமகா விகாரைக்குள் போவதானால் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும். செருப்பு, தொப்பி வெளியே. புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள். பெத்தகான சதுப்புநிலப் பூங்கா சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தியவன்னாவின் நடுவே தெரியும் பாராளுமன்றம் ஜெப்ரி பாவா வடிவமைத்தது, 1982இல் திறந்தது.

வெயில் ஏறியதும் கறுவாத்தோட்டத்தில் இருக்கும் தேசிய நூதனசாலைக்குப் போங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்குக் கட்டணம் கூட. இலங்கை அடையாள அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். கண்டி அரசர்களின் சிம்மாசனத்துக்கு முன்னால்தான் எல்லாரும் கூடி நிற்பார்கள். 1934இல் பிரிட்டன் திருப்பிக் கொடுத்தது அது. நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, காலியில் 1911இல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டைத் தேடிப்போங்கள். 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது, சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நிறுத்தியது. சீனத்தில் புத்தருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு, தமிழில் தெவிநுவரைத் திருமாலான தேனாவரை நாயனாருக்குக் காணிக்கை சொல்கிறது. எழுத்து நன்றாகத் தேய்ந்துபோயிற்று. பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் சாய்வாக விழும் கோணத்தில் பார்த்தால் வரிகள் மெல்லத் தெரியும். அவசரப்படாமல் நில்லுங்கள். இந்தத் தீவின் தென்கரையில் தெரியவேண்டிய ஒரு செய்தியை, சீனத்திலிருந்து வந்தவன் தமிழிலும் வெட்டிவைத்திருக்கிறான். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். அதே செங் ஹேதான் 1411இல் அழகக்கோனார் குடும்பத்து ஆட்சியாளனைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனான். பராக்கிரமபாகுவுக்கு வழி திறந்தது அதன் பிறகுதான்.

மாலையில் கொழும்புக் கோட்டை. அங்கே ஒரு மணி நேரம் போதும். போர்த்துக்கேயர் கட்டி, 1656இல் ஒல்லாந்தர் பிடித்து, 1796இல் ஆங்கிலேயர் எடுத்த கோட்டை. மதிலை 1869 தொடங்கி இடித்துவிட்டார்கள். டெல்ப்ட் வாசலும், இப்போது கடைகளும் உணவகங்களுமாக இருக்கும் ஒல்லாந்தர் வைத்தியசாலையும் மிஞ்சியிருக்கின்றன. கடைசிக் கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை, வேலூருக்கு அனுப்புமுன் அடைத்துவைத்ததாகச் சொல்லப்படும் சின்ன அறை ஒன்றும் இருக்கிறது. ஆய்வாளர் எல்லாரும் அதை ஏற்பதில்லை. ஜனாதிபதி மாளிகை, கடற்படைத் தளம், துறைமுகம் ஆகிய பக்கங்களில் கமராவைத் தூக்கவேண்டாம், டிரோன் கொண்டுவரவே வேண்டாம். பிறகு காலிமுகத்திடலில் இறால் வடை சாப்பிட்டுவிட்டு, 100 அல்லது 101 பஸ்ஸில் ஏறினால் வெள்ளவத்தை.

இரவு பஸ்ஸில் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்று மிச்சம் இருக்கிறது. 1450 அளவில் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகன், எங்கள் பக்கத்தில் செண்பகப் பெருமாள் என்று சொல்லப்படும் சப்புமல் குமாரயா, கோட்டேயிலிருந்து படை நடத்திப்போய் யாழ்ப்பாணத்தைப் பிடித்தான். பிறகு புவனேகபாகு என்ற பெயரில் கோட்டேயில் முடிசூடினான். நல்லூரில் திருவிழா நேரம் போய்ச் சேர்ந்தால், சுவாமிக்கு முன்னால் கட்டியம் கூறும்போது காதைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். கோயிலை எழுப்பியவன் பெயராக ‘ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு’ என்று வரும். அது செண்பகப் பெருமாள்தான் என்பார் சிலர். இல்லை, ஆரியச் சக்கரவர்த்தியின் அமைச்சர் ஒருவர் என்பார் வேறு சிலர். எங்கள் வீட்டில் இந்த வாக்குவாதம் வவுனியா தாண்டும்வரை ஓடும்.