புயல் ஓய்ந்த பிறகு இகுவாக்கா கிளிகளுக்கு நாம் செய்யக்கூடியவை

2017 செப்டம்பரில் மரியா புயல் கரீபியன் பகுதியிலுள்ள புவேர்ட்டோ ரிக்கோ தீவைச் சூறையாடியது. இகுவாக்கா என்பது அந்தத் தீவுக்கே உரிய பச்சைக் கிளி. எல் யூங்கே மழைக்காட்டில் ஐம்பதுக்கு மேல் இருந்த இகுவாக்கா கிளிகளில் மிஞ்சியவை இரண்டு மூன்றுதான். 1970-களின் நடுவில் காட்டில் வெறும் 13 கிளிகளே இருந்தன. அங்கிருந்து நாற்பது ஆண்டு பாடுபட்டு வளர்த்த கூட்டம் அது! தீவின் இன்னொரு காடான ரியோ அபாஹோவில் இருந்த கூட்டத்தில் பெரும்பகுதி தப்பியதுதான் ஒரே ஆறுதல்.

காற்று அடங்கினாலும் ஆபத்து அடங்காது. மரங்கள் மொட்டையாகிவிடும். தின்னப் பழமும் இல்லை, செவ்வால் பருந்திடமிருந்து ஒளிய இலையும் இல்லை. அங்கே தன்னார்வலராகச் சேரும் புதியவர்கள் தொடங்கவேண்டியது இப்படி:

1. தரையில் கிடக்கும் கிளியை வீட்டுக்குத் தூக்கிப் போகாதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். நாய், பூனை நெருங்காமல் காவல் நின்று, வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள்.

2. கிளிகளை விடிகாலையிலும் பொழுது சாயும்போதும் எண்ணுங்கள். தினமும் அதே இடம், அதே நேரம். நேரம், பறந்த திசை, எத்தனை என்று மூன்றையும் எழுதுங்கள். திசையை விட்டுவிட்டால், அடுத்த மேட்டில் நிற்பவர் அதே கிளிகளை மறுபடி எண்ணிவிடுவார்.

3. பாவம் பசிக்குமே என்று வெட்டவெளியில் பழம் வைக்காதீர்கள். பருந்துக்குத்தான் விருந்தாகும். துறையினர் காட்டும் மறைவான இடத்தில் மட்டும் வையுங்கள். மிச்சத்தை அன்றன்றே அகற்றுங்கள்.

4. என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் முக்கியம் கூட்டுப் பெட்டி, அதாவது கிளி முட்டையிட மரத்தில் மாட்டும் செயற்கைக் கூடு. இந்தக் கிளிகளுக்குத் தாமாகப் பொந்து குடையத் தெரியாது. பாலோ கொலொராதோ போன்ற முதிய மரங்களின் பொந்துகளையே நம்பியிருந்தவை. பிப்ரவரி வாக்கில் முட்டையிடத் தொடங்கும் என்பதால் ஜனவரிக்குள் பெட்டிகள் மரமேறியிருக்க வேண்டும். பெட்டி ஆழமாக, உள்ளே இருட்டாக இருக்கட்டும். முட்டையையும் குஞ்சையும் அழிக்கும் த்ராஷர் பறவைக்கு, அடித்தளம் கண்ணுக்குத் தெரியாத பொந்து பிடிக்காது. தேனீக்கள் குடியேறியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். இருந்தால் நீங்களே கலைக்க வேண்டாம், சொல்லிவிடுங்கள்.

5. கிளி உள்ளே போய்விட்டால் ஏணியை எடுத்துவிடுங்கள். பெட்டியைத் திறப்பது பயிற்சி பெற்றவர்களின் வேலை. தூரத்தில் மறைந்து உட்காருங்கள். அடைகாக்கும் பெண் கிளிக்கு ஆண் கிளி இரை கொண்டுவரும், அதை வாங்கவே அவள் கொஞ்ச நேரம் வெளியே வருவாள். அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.