சேதுக்கரையில் சிறு முதலீட்டுப் பேய்ப்படம் எடுக்க விரும்புவோருக்கு

தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தைப் பார்த்தவுடன், 1964 டிசம்பர் புயலில் மாண்டவர்களைப் பேய்களாக்கிக் கதை எழுதும் ஆசை பலருக்கும் வரும். அதைச் செய்யாதீர்கள். அந்த இரவில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இன்றும் இந்தத் தீவில் வாழ்கின்றன. அவர்களுடைய துக்கம் நமக்குக் கதைப்பொருள் ஆகாது. மேலும், மாலைக்குப் பின் அங்கே தங்க அனுமதி இல்லாததால் இரவுக் காட்சிக்கும் அந்த இடம் உதவாது.

இந்தக் கரைக்கே உரிய அச்சங்கள் வேறு இருக்கின்றன. நான்கு பேர் ஏறிச் சென்ற வள்ளத்திலிருந்து விடியற்காலையில் ஐந்து பேர் இறங்குகிறார்கள், ஐந்தாமவர் யார் என்று கேட்க எவருக்கும் துணிவு வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வள்ளம், ஒரு குடிசை, ஐந்து நடிகர்கள் போதும். அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ 1968இல் வெளியிட்ட ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ படமும் பெரும்பகுதி ஒரு பழைய பண்ணை வீட்டுக்குள்ளேயே, ஏறத்தாழ 1,14,000 டாலர் செலவில், கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டதுதான்.

அடுத்து, காற்றைப் படியுங்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போது, வடகடலான பாக் நீரிணை பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வாடை வீசும் காலத்தில் இது தலைகீழாகும். மண்டபத்தில் இரண்டு கடல்களும் கூப்பிடு தூரத்தில் இருப்பதால், அமைதியான கரையில் வசனத்தையும் சீறும் கரையில் அலையோசையையும் ஒரே நாளில் எடுத்துவிடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். உரியவரிடம் வாடகை பேசி, கச்சான் வலுப்பதற்கு முன், ஏப்ரல் பிற்பாதியிலேயே வேலையை முடித்துக்கொள்வது நல்லது. கட்டிப்போட்ட படகுகள் இரவில் ஒன்றோடொன்று உரசி முனகும் ஒலியைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். எந்தப் பின்னணி இசையும் அதற்கு ஈடாகாது.

என் இரண்டாவது குறும்படத்தில் ஜெனரேட்டரைக் காற்று வரும் திசையில் வைத்துவிட்டேன். ஓர் இரவு முழுவதும் பதிவான வசனத்தில் அதன் இரைச்சல் ஏறி, எதுவும் பயன்படாமல் போயிற்று. அதைக் காற்று போகும் திசையில், பனங்கூட்டத்துக்கு அப்பால், கேபிள் எட்டும் தொலைவில் வையுங்கள். மைக்குக்குக் காற்றுத் தடுப்பு உறை இல்லாமல் கரையில் காலெடுத்து வைக்க வேண்டாம். பொழுது சாய்ந்த பின் கிடைக்கும் இருபது நிமிட நீல வெளிச்சத்தில் அகலக் காட்சிகளையும், முழு இருட்டில் ஒரே ஒரு டார்ச் வெளிச்சத்தில் முகங்களையும் எடுத்தால் விளக்குச் செலவு பாதியாகும்.

இரத்தத்துக்கு ரொமேரோவின் குழு சாக்லேட் பாகைப் பயன்படுத்தியது. நமக்குக் கருப்பட்டிப் பாகு இருக்கிறது. இளகிய பாகில் சிவப்பு உணவு வண்ணம் கலந்தால், டார்ச் வெளிச்சத்தில் அது உறைந்த இரத்தத்தின் நிறத்துக்கே வந்துவிடும். ஆனால் மணல் ஒட்டும், சிறிது நேரத்தில் எறும்பும் மொய்க்கும். ஆகவே நடிகர் உடலில் பூசியவுடன் காட்சியை எடுத்து, உடனே கழுவிவிட வேண்டும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால், வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருப்பதால் டிரோனை மறந்துவிடுங்கள். ஊர்த் தலைவரிடமும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; நள்ளிரவில் கரையில் வெளிச்சம் தெரிந்தால் யாரும் சந்தேகப்படுவார்கள்.

முழுநீளப் படத்துக்குப் பணம் திரட்ட, வெறுங்கையோடு கதை சொல்லப் போகாதீர்கள். அமெரிக்க இயக்குநர் சாம் ரெய்மி ‘த ஈவில் டெட்’ என்ற பேய்ப்படத்தை எடுப்பதற்கு முன், அரை மணி நேரக் குறும்படம் ஒன்றை எடுத்து அதைக் காட்டித்தான் முதலீட்டாளர்களைத் திரட்டினார். உங்கள் வள்ளக் கதையிலிருந்து ஒரு பத்து நிமிடத்தை எடுத்துக் கீழக்கரை, இராமநாதபுரம் வியாபாரிகளிடம் போட்டுக் காட்டுங்கள்.

படம் முடிந்ததும் உரிமைக்கான தாள்களில் கண்ணாக இருங்கள். ரொமேரோவின் படத்துக்குக் கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றியபோது காப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுவுடைமையாகி, யார் வேண்டுமானாலும் அதை விற்கும் நிலை வந்தது. ஆகவே திரையரங்கு, தொலைக்காட்சி, இணையம், மொழிமாற்றம் ஆகிய உரிமைகளைத் தனித்தனியாக, எத்தனை ஆண்டுகளுக்கு என்ற கணக்கோடு எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகே படத்தின் பிரதியைக் கையிலிருந்து கொடுங்கள்.