பிரிட்டனில் பழைய கார் வாங்குகிறீர்களா? ரோடு டாக்ஸ் காரோடு வராது

பிரிட்டனுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே பலருக்குக் கார் தேவைப்பட்டுவிடுகிறது. இரவு வேலை, பிள்ளைகளின் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை பஸ் வராத ஊர் என்று காரணம் ஏதாவது இருக்கும். புதுக் கார் வாங்க எல்லாருக்கும் முடியாது. தெரிந்தவர் மூலமாகவோ விளம்பரம் பார்த்தோ இரண்டாயிரம், மூவாயிரம் பவுண்டுக்குப் பழைய கார் ஒன்றை வாங்குகிறோம். வாங்கிய கையோடு, டாக்ஸ் கட்டாமல் வீட்டுக்கு ஓட்டிவந்து சட்டத்தை மீறுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. விவரம் தெரியாததுதான் காரணம்.

தெரியாமல் போவதற்கு ஊர்ப் பழக்கமும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் காரைப் பதியும்போதே ஆயுள்கால வரி கட்டுகிறோம். கார் கைமாறினாலும் வரி காரோடுதான் இருக்கும். இலங்கையில் வருடாவருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுகிறோம். பிரிட்டனிலும் 1921 முதல் வரி கட்டியதைக் காட்ட முன்கண்ணாடியில் வட்டமான காகித வில்லை ஒன்று இருந்தது. காரை விற்பவர் மீதி மாதங்களோடு அதை அப்படியே கொடுத்துவிடலாம். 2014 அக்டோபர் 1 அன்று அந்த வில்லையை நிறுத்தினார்கள். அதே நாளில் விதியும் மாறியது. இப்போது வரி காரைச் சேர்ந்ததல்ல, வாகனப் பதிவைப் பார்க்கும் அரசு அமைப்பான டிவிஎல்ஏயின் பதிவில் கீப்பராக, அதாவது காரைப் பொறுப்பில் வைத்திருப்பவராக, இருக்கும் ஆளைச் சேர்ந்தது. கார் கைமாறியதும் பழையவரின் வரி ரத்தாகிவிடும். மீதியுள்ள முழு மாதங்களுக்கான பணம் அவருக்கே திரும்பிப் போகும்.

இந்த மாற்றத்தில் உள்ளூர்க்காரர்களே தடுமாறினார்கள். போக்குவரத்துத் துறை சாலையோரங்களில் எடுக்கும் கணக்கெடுப்பில், 2013இல் வரி கட்டாத வண்டிகள் 0.6 சதவீதம். 2015இல் அது 1.4 ஆனது, 2017இல் 1.8. 2017இல் பிடிபட்ட வண்டிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, அதற்கு முந்தைய சில மாதங்களில் கைமாறியவை. வரி ஏய்ப்பு என்று எண்ணப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் புதிதாகக் கார் வாங்கியவர்கள் என்பது என் எண்ணம். கண்ணாடியில் ஒன்றும் இல்லாததால் வரி தீர்ந்துவிட்டதென்று பார்த்துச் சொல்ல அக்கம்பக்கத்திலும் ஆள் இல்லை.

சரி, வாங்கும் நாளில் என்ன செய்ய வேண்டும்? விற்பவர் போனை எடுத்து, அரசு இணையதளத்தில் கார் நம்பரைப் போட்டு, "பாருங்க தம்பி, டிசம்பர் வரைக்கும் டாக்ஸ் இருக்கு" என்று காட்டலாம். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது அவருடைய டாக்ஸ், உங்களுக்கு உதவாது. முதலில் இன்சூரன்ஸ் எடுங்கள். எம்ஓடி என்ற வருடாந்திர வாகனப் பரிசோதனைச் சான்று நடப்பில் இருக்கிறதா பாருங்கள். கார் மூன்று வருடத்துக்கு மேற்பட்டதென்றால் எம்ஓடி இல்லாமல் டாக்ஸ் கட்ட முடியாது. அப்புறம் லாக் புக்கில், அதாவது காரின் பதிவுப் பத்திரத்தில், புதிய கீப்பருக்கான பச்சைத் துண்டைக் கிழித்து வாங்கிக்கொள்ளுங்கள். அதில் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். விற்பவர் வாசலில் நின்றபடியே போனில் அந்த எண்ணைப் போட்டுச் சில நிமிடங்களில் டாக்ஸ் கட்டிவிடலாம். மொத்தமாகக் கட்டப் பணம் இல்லையென்றால் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் டைரக்ட் டெபிட்டில் மாதாமாதம் கட்டலாம், 5 சதவீதம் கூடுதலாகும். இவ்வளவும் முடிந்த பிறகே சாவியைத் திருகுங்கள்.

லாக் புக் தொலைந்துவிட்டது, பிறகு அனுப்புகிறேன் என்று சொல்பவரிடம் வாங்கவே வேண்டாம், எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும்.

தேதியிலும் கவனம் வேண்டும். வரி எப்போதும் மாதத்தின் முதல் தேதியிலிருந்தே கணக்கு. மார்ச் 20இல் வாங்கினாலும் மார்ச் 1 முதல் கட்டுவீர்கள். விற்றவருக்கோ ஏப்ரல் முதலான மாதங்களுக்குத்தான் பணம் திரும்பும். அந்த மார்ச்சுக்கு இருவரும் கட்டியிருப்பீர்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனாலும் விதி அதுதான். மாதத் தொடக்கத்தில் வாங்கினால் கொடுத்த பணத்துக்கு முழு மாதம் ஓட்டலாம். காரை விற்கும்போது மாதம் முடிவதற்குள் டிவிஎல்ஏக்குத் தகவல் கொடுத்துவிடுங்கள். தகவல் கிடைத்த தேதியை வைத்துத்தான் திருப்பித் தரும் பணத்தைக் கணக்கிடுவார்கள்.

ஓட்டவில்லையே, தெருவில் சும்மாதானே நிற்கிறது என்று நினைக்காதீர்கள். தெருவில் நின்றாலும் வரி உண்டு. கொஞ்ச காலம் ஓட்டப்போவதில்லை என்றால் காரைச் சாலையில் எடுக்கவில்லை என்று டிவிஎல்ஏக்குச் சொல்லும் சோர்ன் அறிவிப்புக் கொடுக்கலாம், இலவசம். ஆனால் கார் உங்கள் வீட்டு வளாகம் மாதிரி தனியார் இடத்தில் நிற்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் முதலில் 80 பவுண்டு அபராதக் கடிதம் வரும். 33 நாளுக்குள் கட்டினால் 40. தெருவில் சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டால் எடுக்க 100 பவுண்டு. அப்போதும் டாக்ஸ் கட்டியிராவிட்டால் இன்னும் 160 பவுண்டு பிணைத்தொகை. 15 நாளுக்குள் டாக்ஸ் கட்டிக் காட்டினால் அது திரும்பக் கிடைக்கும். 24 மணி நேரம் தாண்டிக் காரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் 200 பவுண்டு, அதோடு நாளுக்கு 21 பவுண்டு. வாரக் கூலியில் குடும்பம் நடத்துபவருக்கு இது வாடகைப் பணம்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய கவலை முகவரிதான். புதிதாக வருபவர்கள் ஈஸ்ட் ஹாமில் ஒரு அறை, பிறகு ஹாரோவில் ஒரு அறை, வேலை மாறினால் லெஸ்டர் என்று வீடு மாறிக்கொண்டே இருக்கிறார்கள். லாக் புக் மட்டும் பழைய முகவரியிலேயே இருக்கும். டாக்ஸ் முடியப்போகிறது என்ற நினைவூட்டல் கடிதம் அங்கே போகும், அபராதமும் அங்கே போகும். பிறகு வழக்கும் தபாலிலேயே அங்கே போகும். சிறிய குற்றங்களை ஒரு மாஜிஸ்திரேட் தனியாகக் காகிதத்தைப் பார்த்தே தீர்க்கும் நடைமுறை இங்கிலாந்தில் இருக்கிறது. பதில் வராவிட்டால் நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பு வந்துவிடும். தண்டனை என்று பதிவானால் குடியுரிமை விண்ணப்பத்தில் அதைச் சொல்லியாக வேண்டும். பல வருடம் உழைத்து அந்தப் படிவம் வரை வந்தவருக்கு இப்படி ஒரு இடறல் வரக் கூடாது.

ஆகவே வீடு மாறும் வாரத்திலேயே லாக் புக் முகவரியை இணையத்தில் மாற்றுங்கள், அது இலவசம். ஓட்டுநர் உரிமத்தில் மாற்றினால் லாக் புக்கில் தானாக மாறாது, இரண்டையும் தனித்தனியாக மாற்ற வேண்டும். டைரக்ட் டெபிட் எடுக்கும் வங்கிக் கணக்கை மூடினாலும் அன்றே புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாமல் தீர்ப்பு வந்துவிட்டதென்று தெரிந்தால் பயந்து ஒதுங்காதீர்கள். தெரிந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் சத்தியப் பிரமாணம் கொடுத்து வழக்கை மறுபடி தொடங்கச் சொல்லலாம். பொதுமக்களுக்கு ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தில் இதற்கு இலவசமாக வழி சொல்வார்கள்.

எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கும் 2025 ஏப்ரல் முதல் வரி வந்துவிட்டது, பழைய நினைப்பில் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் போனுக்கு "டாக்ஸ் ரீஃபண்ட் காத்திருக்கிறது", "கட்டணம் தவறியது" என்று லிங்கோடு மெசேஜ் வந்தால் தொடாதீர்கள். வங்கி விவரம் கேட்டு டிவிஎல்ஏ மெசேஜ் அனுப்பாது. அந்த மெசேஜை, மோசடி மெசேஜ்களைப் புகார் செய்யும் எண்ணான 7726க்கு அனுப்பிவிட்டு அழித்துவிடுங்கள். சந்தேகமிருந்தால் அரசு இணையதளத்தை நீங்களே திறந்து கார் நம்பரைப் போட்டால், எந்தத் தேதி வரை டாக்ஸ் இருக்கிறதென்று உடனே தெரியும்.