ரூட் கெனால்: செய்தவருக்கே தெரியாமல் போகும் தவறுகள்

பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்திசுவான பல்கூழை எடுத்துவிட்டு, வேருக்குள் ஓடும் கெனால் என்ற குழாயைச் சுத்தம் செய்து நிரப்பும் சிகிச்சைதான் ரூட் கெனால். அதைப் பழகும் இளம் பல் மருத்துவர்களின் பக்கத்தில் நின்று பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. மோட்டாரில் சுழன்று கெனாலைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் நிக்கல் டைட்டானியம் ஃபைல், வேர்நுனியைக் காட்டும் அபெக்ஸ் லொக்கேட்டர், நுண்ணோக்கி எல்லாம் வந்துவிட்டன. தவறுகள் மட்டும் நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகள்தான்.

ஃபைல் உடைவது, கெனாலை நிரப்பும் கட்டா பெர்ச்சா வேர்நுனியைத் தாண்டுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. எக்ஸ்ரே எடுத்ததும் அவை தெரிந்துவிடும். செய்தவருக்கே உறைக்கும், அடுத்த முறை கை தானாக நிதானிக்கும். எக்ஸ்ரே அழகாக இருக்கும்போதே ஒளிந்திருக்கும் தவறுகள்தான் ஆபத்தானவை.

வலிக்கும் பல் எது என்று உறுதிசெய்யாமல் திறப்பது

இதைப் பார்க்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரு அம்மா மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கெனால் முடித்து, பல்லுக்கு மேல் கிரவுன் என்ற உறையும் போட்ட பிறகு என்னிடம் வந்தார். வலி கொஞ்சமும் குறையவில்லை. கொண்டுவந்த கடிதத்தில் "கெனால் ஒன்று விட்டுப்போயிருக்கலாம், மறுசிகிச்சை தேவை" என்று எழுதியிருந்தது. எக்ஸ்ரேயில் வேலை சுத்தமாக இருந்தது. அந்தப் பக்கத்துப் பற்கள் ஒவ்வொன்றிலும் குளிர் வைத்துப் பார்த்தேன். கீழ்த்தாடையின் இரண்டாவது கடைவாய்ப்பல்லுக்கு வந்ததும் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இதுதான் டாக்டர், இதே வலிதான்" என்றார். குளிரை எடுத்த பிறகும் வலி அடங்கவில்லை. பழைய ஃபில்லிங்குக்கு அடியில் சொத்தை ஆழமாகப் போயிருந்தது.

மேல் பல்லைத் திறப்பதற்கு முன்பு யாராவது குளிர் சோதனை செய்தார்களா என்று சிகிச்சைக் குறிப்புகளில் தேடினேன். ஒரு வரிகூட இல்லை. அந்த அம்மா மேலே கை காட்டினார், மேலே ஒரு சொத்தையும் இருந்தது, திறந்துவிட்டார்கள். அந்தச் சொத்தைக்கு ஒரு ஃபில்லிங் போதுமாக இருந்திருக்கலாம்.

நோயாளி பொய் சொல்வதில்லை. பல்கூழ் வலியை உணரும், ஆனால் வலிக்கும் இடத்தைச் சரியாகச் சொல்லாது. மேல், கீழ் இரண்டு தாடைகளின் நரம்புச் செய்தியும் ட்ரைஜெமினல் நரம்பு வழியாகப் போய் மூளைத்தண்டில் ஒன்றாகச் சேர்கிறது. அதனால் கீழ்ப் பல்லின் வலி மேலே தெரியும், காதில் தெரியும். நடுக்கோட்டைத் தாண்டி முகத்தின் மறுபக்கம் போவது மட்டும் மிக அரிது. அழற்சி வேர்நுனியைச் சுற்றியுள்ள தசைநாருக்குப் பரவிய பிறகுதான் "இந்தப் பல்தான்" என்று நோயாளியால் விரல் வைத்துக் காட்ட முடியும்.

"எக்ஸ்ரே இருக்கிறதே" என்று பழகுபவர்கள் கேட்பார்கள். உள்ளேயுள்ள மென்மையான எலும்போடு நிற்கும் சேதம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம், வெளிப்புறக் கெட்டி எலும்பும் அரிக்கப்படும்போதுதான் நன்றாகத் தெரியும் என்று 1961இலேயே பெண்டர், செல்ட்சர் என்ற ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். எக்ஸ்ரேயில் கருப்பாகத் தெரிவதெல்லாம் நோயும் இல்லை. கீழ் முன்கடைவாய்ப்பல்லின் வேர்நுனிக்குப் பக்கத்தில் மென்டல் நரம்பு வெளியே வரும் துளை இருக்கிறது. அது சில சமயம் வேர்நுனி மேலேயே விழுந்து சீழ்க்கட்டி போலத் தோன்றும். எக்ஸ்ரே குழாயைக் கொஞ்சம் சாய்த்து இன்னொரு படம் எடுத்தால் நிழல் விலகிவிடும்.

கீழ் முன்பற்களின் வேர்நுனியில் வட்ட வட்டமாகக் கருப்பு நிழல் இருந்த ஒரு நோயாளியையும் மறக்க முடியவில்லை. வலி கிடையாது, சொத்தை கிடையாது, அடிபட்டதும் கிடையாது. ஏற்கெனவே ஒரு பல்லைத் திறந்திருந்தார்கள், மற்றவற்றைத் திறக்க நாள் குறித்திருந்தார்கள். குளிர் வைத்தபோது மற்ற பற்கள் எல்லாம் இயல்பாகப் பதில் சொல்லின. அது சிமென்டோ ஆசியஸ் டிஸ்பிளேசியா என்ற எலும்பு மாற்றம். பல்கூழுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அவ்வப்போது கண்காணித்தால் போதும். திறக்கப்பட்ட அந்த ஒரு பல்லுக்கு மட்டும் உயிரைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? முதலில் நோயாளியைப் பேச விடுங்கள். குளிரில் வலிக்கிறதா, சூட்டிலா, கடிக்கும்போதா, தூக்கத்தில் எழுப்புகிறதா? அப்புறம் அந்த வலியை உங்கள் கையாலேயே திரும்ப வரவழைத்துப் பாருங்கள். சுமார் −26 டிகிரியில் கொதிக்கும் டெட்ராஃபுளோரோஈத்தேன் ஸ்பிரேயைப் பஞ்சில் அடித்துப் பல்லில் வையுங்கள். ஐஸ் கட்டி வேண்டாம், உருகிப் பக்கத்துப் பல்லுக்கும் ஈறுக்கும் ஓடிக் குழப்பிவிடும். சந்தேகப்படும் பல்லை முதலில் தொடாதீர்கள். மறுபக்கத்தில் உள்ள அதே பல்லில் ஆரம்பித்து, இயல்பான பதில் எப்படி இருக்கும் என்று நோயாளிக்கும் உங்களுக்கும் தெரிந்த பிறகு இங்கே வாருங்கள். குளிரை எடுத்ததும் சில நொடிகளில் அடங்கினால் பல்கூழ் பெரும்பாலும் பிழைக்கும். இழுத்துக்கொண்டே போனால் பிழைக்காது. பதிலே இல்லையென்றால் இறந்திருக்கலாம். ஆனால் அண்மையில் அடிபட்ட பல் உயிரோடு இருந்தும் வாரக்கணக்கில் பதில் சொல்லாது என்பதை நினைவில் வையுங்கள்.

தட்டிப் பாருங்கள், வேர்நுனிக்கு மேல் ஈறை அழுத்திப் பாருங்கள், பல்லின் ஒவ்வொரு முனையாகக் கடிக்கச் சொல்லுங்கள். ஆழம் அளக்கும் கருவியான புரோபால் ஈறைச் சுற்றிலும் அளக்கும்போது ஒரே ஒரு இடத்தில் மட்டும் குறுகலாக ஆழமாக இறங்கினால் பல்லில் விரிசல் இருக்கலாம். ஈறில் சீழ்த்துளை இருந்தால் மெல்லிய கட்டா பெர்ச்சா ஒன்றை அதில் நுழைத்து எக்ஸ்ரே எடுங்கள், எந்த வேரிலிருந்து வருகிறது என்று பெரும்பாலும் அதுவே காட்டும். மேல் கடைவாய்ப் பற்கள் பலவும் சேர்ந்து வலித்து, குனிந்தால் கூடுகிறது என்றால் சைனஸை யோசியுங்கள். நடந்தால், படி ஏறினால் கீழ்த்தாடை வலிக்கிறது, உட்கார்ந்தால் குறைகிறது என்று ஒருவர் சொன்னால் பல்லை விட்டுவிட்டு உடனே இதய மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இவ்வளவு செய்தும் எந்தப் பல் என்று தெரியாவிட்டால் திறக்காதீர்கள். "ஏதாவது செய்யுங்கள் டாக்டர்" என்று நோயாளி கெஞ்சும்போது கையைக் கட்டிக்கொண்டு இருப்பது கடினம், எனக்கும் தெரியும். வலி நிவாரணி கொடுத்து, சில நாள் கழித்து மறுபடி சோதியுங்கள். பல்கூழ் வலி அதிக நாள் ஒளிந்துகொள்ளாது, தன் இடத்தைக் காட்டிவிடும். தவறான பல்லைத் திறந்தால் வலியும் போகாது, நல்ல பல்லும் போய்விடும்.

ரப்பர் டேம் போடாமல் தொடங்குவது

சிகிச்சை செய்யும் பல்லை எச்சிலிலிருந்து பிரித்து வைக்கும் ரப்பர் திரைதான் ரப்பர் டேம். பல் மருத்துவர் சான்ஃபோர்ட் பார்னம் இதை அறிமுகப்படுத்தியது 1864இல். போடாமல் இருக்க இன்று எந்தக் காரணமும் இல்லை.

ஊசியைக் கெனாலில் இறுக்கி அழுத்துவது

கெனாலுக்குள் ஊசியால் செலுத்திக் கழுவும் சோடியம் ஹைப்போகுளோரைட் பல்கூழின் எச்சங்களைக் கரைக்கும், கிருமிகளையும் கொல்லும். அதே திரவம் வேர்நுனியைத் தாண்டினால் உயிருள்ள திசுவையும் கரைக்கும். மரத்துப்போன பல்லிலும் நோயாளி அலறுவார், கெனாலிலிருந்து ரத்தம் பொங்கும், சில நிமிடங்களில் கன்னம் வீங்கும். சிரிஞ்சில் தடை தெரிந்தால் இன்னும் அழுத்துவது பழகுபவர்களின் இயல்பு. அங்கேதான் நிறுத்த வேண்டும். பக்கவாட்டில் துளையுள்ள 30 கேஜ் ஊசி, அளந்த நீளத்துக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் குறைவாக நிறுத்திய ரப்பர் ஸ்டாப்பர், மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கும் கை. ஊசி எங்கும் சிக்கக் கூடாது. கட்டைவிரலால் அழுத்தாமல் ஆள்காட்டி விரலால் மெல்லத் தள்ளுங்கள்.

மேல் முதல் கடைவாய்ப்பல்லில் 3 கெனாலோடு திருப்தி அடைவது

பாதிக்கும் மேற்பட்ட பற்களில் நான்காவது உண்டு. முன்கன்னப் பக்க வேரில், முதல் கெனாலுக்கும் அண்ணப் பக்கக் கெனாலுக்கும் இடையே, டென்டின் என்ற கெட்டியான பல் திசுவின் திட்டு ஒன்றுக்கு அடியில் மறைந்திருக்கும். பல் அறையின் தரையில் ஓடும் கருமையான கோட்டைப் பின்தொடருங்கள். திறப்பு சின்னதாக இருந்தால் இந்தக் கோடே கண்ணில் படாது.

பல்கூழ் அழற்சிக்கு ஆன்டிபயாடிக் எழுதுவது

வலி குறையாது. எழுதாதீர்கள்.

கிரவுனைத் தள்ளிப்போட விடுவது

வலி போனதும் நோயாளி காணாமல் போய்விடுவார். தற்காலிக சிமென்ட் தேய்ந்து எச்சில் உள்ளே கசியும், அல்லது கடைவாய்ப்பல் வேர்வரை பிளந்துவிடும். பிளந்த பல்லை எந்த நிபுணராலும் காப்பாற்ற முடியாது. கிரவுனுக்கான நாளைக் கடைசி அமர்வில் குறிக்காதீர்கள், முதல் அமர்விலேயே குறித்துவிடுங்கள்.

நிழல் மறையவில்லை என்று அவசரப்பட்டு மறுபடி திறப்பது

வேர்நுனி எலும்பு மெதுவாகத்தான் ஆறும். 3 மாதத்தில் எக்ஸ்ரே எடுத்து, கருப்பு இன்னும் இருக்கிறதே என்று நன்றாக நிரப்பிய கெனாலைப் பிரித்துவிடுகிறார்கள். வலியும் வீக்கமும் சீழ்த்துளையும் இல்லாமல் நிழலும் பெரிதாகாமல் இருந்தால் ஒரு வருடத்தில் பாருங்கள். சுருங்கியிருந்தால் இன்னும் பொறுங்கள். முழுதாக மறைய 4 வருடம்கூட ஆகலாம்.