நாஸில் இறக்கும்போது டாரண்ட் மென்பொருள் சட்டென்று மூடிக்கொள்கிறதா?

உபுண்டு, டெபியன் மாதிரி பெரிய ஐஎஸ்ஓ ஃபைல்களை க்யூபிட்டாரண்ட் என்ற டாரண்ட் மென்பொருளில் போட்டு, சேமிக்கும் இடமாக நாஸை, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டியைக் காட்டியிருப்பீர்கள், பாதி இறங்கியதும் விண்டோ எதுவும் சொல்லாமல் காணாமல் போகும். உடனே அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள், அதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

முதலில் அதே ஃபைலை கணினியின் சொந்த டிஸ்க்கில் இறக்கிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக முடிந்தால், சிக்கல் நாஸிலோ அதற்குப் போகிற வழியிலோதான்.

அடுத்து விண்டோஸிலேயே இருக்கும் இவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன் போங்கள். மென்பொருள் மூடிய நேரத்தில் சிவப்புக் குறியோடு ஒரு வரி இருக்கும், அதில் எக்ஸெப்ஷன் கோட் என்ற எண்ணின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 5 என்றால் மென்பொருளிலேயே பிழை இருக்கலாம், புதிய பதிப்புக்கு மாறிப் பாருங்கள். 6 என்றால் படிக்கப் போன ஃபைல் கைக்கு எட்டவில்லை என்று அர்த்தம், நாஸ்காரர்கள் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

ஏன் என்றால், க்யூபிட்டாரண்டுக்குள் இருந்து இறக்கும் வேலையைச் செய்கிற லிப்டாரண்ட் என்ற பகுதியின் 2.0 பதிப்பு, ஃபைலை மெமரி மேப் செய்கிறது, அதாவது நாஸில் கிடக்கும் ஃபைலைத் தன் மெமரியின் ஒரு பகுதி மாதிரி நினைத்துக்கொள்கிறது. சாதாரணமாகப் படிக்கும்போது நெட்வொர்க் அறுந்தால் ஒரு எரர் வரும், மென்பொருள் சமாளித்துக்கொள்ளும். மெமரி என்று நம்பியது நடுவில் காணாமல் போனால் சமாளிக்க முடியாமல் விழுந்துவிடலாம். ஹெல்ப் மெனுவில் அபவுட் போய், சாஃப்ட்வேர் யூஸ்ட் பக்கத்தில் எந்த லிப்டாரண்ட் என்று பாருங்கள். 2.0 என்றால் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பகுதியில் 'டிஸ்க் ஐஓ டைப்' என்பதை பாசிக்ஸ் கம்ப்ளையன்ட் என்று மாற்றி, மென்பொருளை மூடித் திறங்கள். வேகம் கொஞ்சம் குறையலாம், பரவாயில்லை. 1.2 என்றால் இந்த ஆப்ஷனே இருக்காது, தேடி அலைய வேண்டாம்.

அப்புறம் இணைப்பு ஏன் அறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வைஃபையை விட்டு கேபிளுக்கு வாருங்கள், நாஸ் செட்டிங்கில் டிஸ்க் தூங்கப் போகும் நேரத்தை நீட்டுங்கள், கணினியின் ஸ்லீப்பை நிறுத்துங்கள். என் கதையில் தினமும் ராத்திரி பதினொரு மணிக்குத்தான் விழும், மூன்று நாள் செட்டிங்கை எல்லாம் குடைந்த பிறகுதான் தெரிந்தது, படுக்கப் போகும்போது அம்மா ரவுட்டர் ஸ்விட்சை அணைத்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று. க்யூபிட்டாரண்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால், நாஸுக்கு நீங்கள் கொடுத்து வைத்த 'இசட்' மாதிரி டிரைவ் அதன் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், விண்டோஸ் அதை வேறு லாகினாகக் கணக்கு வைக்கிறது. சாதாரணமாகத் திறந்தால் சரியாகிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் விழுந்தால், டவுன்லோட்ஸ் பகுதியில் முடியாத டாரண்டுகளைத் தனியாக வைக்கும் ஆப்ஷனில் சொந்த டிஸ்க்கைக் கொடுங்கள், முழுதாக இறங்கியதும் அதுவே நாஸுக்கு நகர்த்திவிடும். உண்மையில் நான் எல்லாருக்கும் இதையே முதலில் சொல்வேன், இடம் இருந்தால். ஏற்கெனவே பாதியில் நிற்கிற டாரண்டுகளுக்கு ரைட் கிளிக் செய்து ஃபோர்ஸ் ரீசெக் கொடுத்துவிட்டுத் தொடருங்கள், விழுந்த நேரத்தில் கெட்டுப்போன துண்டுகளை மட்டும் மறுபடி இறக்கிக்கொள்ளும்.