எம்பிளெக்ஸ் தேர்வுக்குப் படிப்பது எப்படி: அல்சூர் பிசியோதெரபிஸ்ட் அக்காவின் வழி

அமெரிக்காவில் மசாஜ் தெரபிஸ்டாக உரிமம் வாங்க, பெரும்பாலான மாநிலங்களில் எம்பிளெக்ஸ் தேர்வில் தேற வேண்டும். (நியூயார்க்கில் நீண்ட காலம் தனித் தேர்வு இருந்தது. அங்கே இருப்பவர்கள் எந்தத் தேர்வு என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.) நியூஜெர்சியில் மசாஜ் பள்ளியில் படித்த என் தங்கச்சிக்கு, பெங்களூரு அல்சூரில் உட்கார்ந்துகொண்டு வாட்ஸ்அப் வீடியோவில் நான்தான் பாடம் எடுத்தேன். எனக்குக் காலை ஆறு மணி, அவளுக்கு முந்தின நாள் இரவு எட்டரை. தேறிவிட்டாள். கல்யாணமாகி அங்கே போய் இந்தப் படிப்பில் சேர்ந்திருக்கும் இன்னும் சிலர் கேட்டதால் எழுதுகிறேன். பள்ளி, விண்ணப்பம், கட்டணமெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராகப் படிப்புக்கு வருகிறேன்.

படி 1: எதற்கு எவ்வளவு மதிப்பு என்று பாருங்கள்

தேர்வு நடத்தும் எஃப்எஸ்எம்டிபி அமைப்பின் தளத்தில் பாடத்திட்டம் இலவசமாகவே கிடைக்கிறது. எலும்பு, தசை, உறுப்பு எல்லாம் சேர்ந்த உடற்கூறியலும் உடலியங்கியலும் வெறும் 11 சதவீதம். தசை இயக்கவியல் 12. வாடிக்கையாளரை மதிப்பிட்டுச் சிகிச்சையைத் திட்டமிடுவது 17, நெறிமுறையும் சட்டமும் 16, தொழில் நடைமுறை 15. நம்மவர்கள் செய்வது நேர் எதிர்: தசைப் பெயர்களை மனப்பாடம் செய்தே மாதத்தை ஓட்டிவிட்டு, நெறிமுறையைக் கடைசி ராத்திரிக்குத் தள்ளிவிடுவார்கள்.

படி 2: தசைகளை உடம்பிலேயே படியுங்கள்

தோள்பட்டையின் ரொட்டேட்டர் கஃப் தசைகள் நான்கு: சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரஸ் மைனர், சப்ஸ்கேப்புலாரிஸ். கடைசித் தசை தோள் எலும்பின் உட்பக்கம் இருப்பதால் முதுகில் தெரியாது. மற்ற மூன்றையும் புத்தகத்தில் பத்து முறை பார்ப்பதைவிட, வீட்டுக்காரர் முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து, கையைத் திருப்பச் சொல்லி ஒரு முறை தொட்டுப் பார்த்தால் போதும். காசு கட்டும் ஆப்பெல்லாம் வேண்டாம். ஆண்ட்ராய்டில் அங்கி (Anki) என்ற கேள்வி-பதில் கார்டு ஆப் இலவசம், ஆனால் கார்டுகளை நீங்களே எழுத வேண்டும். பாதிப் படிப்பு அந்த எழுத்திலேயே முடிந்துவிடும்.

படி 3: எப்போது தொடக்கூடாது

தங்கச்சி மாட்டிக்கொண்டு முழித்த இடம் இதுதான். பாடத்திட்டத்தில் இதற்கு 14 சதவீதம். நோயின் பெயரும் அறிகுறியும் அவளுக்கு அத்துப்படி. ஆனால் தேர்வு கேட்பது, அந்த நோயோடு ஒருவர் மேசையில் படுத்திருந்தால் நீ என்ன செய்வாய் என்று. நானே எழுதிக் கேட்ட ஒரு கேள்வி:

நேற்றுதான் நீண்ட விமானப் பயணம் முடித்து வந்தவர். முதுகு வலி என்கிறார். ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கி, சூடாக, தொட்டாலே வலிக்கிறது. என்ன செய்வீர்கள்?

அ) காலை இதயத்தை நோக்கி மெல்ல நீவுவேன். ஆ) குளிர் ஒத்தடம் கொடுப்பேன். இ) அந்தக் காலை விட்டுவிட்டு முதுகை மட்டும் பிடிப்பேன். ஈ) மசாஜே செய்யாமல் உடனே மருத்துவரிடம் அனுப்புவேன்.

அவள் 'இ' என்றாள். "காலைத் தொடவே இல்லையே அக்கா?" காலின் ஆழத்தில் ஓடும் ரத்த நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். எங்கே பிடித்தாலும் ரத்த ஓட்டம் கூடும், உறைந்த ரத்தக்கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. விடை 'ஈ'. இன்னொன்று, "உங்களுக்கு ரத்தக்கட்டி இருக்கிறது" என்று அவரிடம் சொல்வதும் தப்பு. நோயைக் கண்டறிவது மசாஜ் தெரபிஸ்டின் எல்லைக்குள் வராது. ஈ-யிலேயே அப்படி ஒரு வாக்கியத்தைச் சேர்த்திருந்தால் அதுவும் தவறான விடைதான்.

அதனால் நோய்ப் பட்டியலை அகர வரிசையில் வைக்காதீர்கள். மூன்று கட்டாகப் பிரியுங்கள். காய்ச்சல் மாதிரி, அன்றைக்கு மசாஜே கூடாதவை. வெயிலில் வெந்த தோல், புடைத்துச் சுருண்ட ரத்த நாளம் (வெரிகோஸ் வெயின்) மாதிரி, அந்த இடத்தை மட்டும் விடவேண்டியவை. கர்ப்பம் மாதிரி, முறையை மாற்றிச் செய்யக்கூடியவை. மாதம் ஏறினால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கூடவே கழுத்தின் முன்பக்கம், அக்குள், முழங்காலின் பின்குழி, தொடையிடுக்கு: அழுத்தக்கூடாத இந்த இடங்களைத் தனியாக ஒரு கார்டில் எழுதுங்கள்.

படி 4: நேரம்

100 கேள்வி, 110 நிமிடம். உங்கள் பதிலைப் பார்த்துத்தான் கணினி அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். அதனால் பின்னால் போய்த் திருத்த முடியாது. "தெரியாததை விட்டு வை, கடைசியில் பார்க்கலாம்" என்று பத்தாம் வகுப்பில் பழகியது இங்கே செல்லாது. வீட்டில் பயிற்சி செய்யும்போதும் பதிலைக் குறித்தபின் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள். தேறாவிட்டால் மறுபடி எழுத 30 நாள் காத்திருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: பெயர் குழப்பம் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ (FNU, முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்று விழும். அங்கே எடுத்த அடையாள அட்டையிலும் அதுவே தொற்றிக்கொள்ளும். தேர்வுப் பதிவில் இருக்கும் பெயரும் மையத்தில் காட்டும் அட்டையில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். அப்பா பெயரின் இனிஷியலை ஒன்றில் விரித்தும் ஒன்றில் சுருக்கியும் எழுதாதீர்கள். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள். மாறியிருந்தால், தேதி குறிக்கும் முன்னாலேயே எஃப்எஸ்எம்டிபிக்கு எழுதித் திருத்திக்கொள்ளுங்கள்.