சம்மர் இன்டர்ன்ஷிப்புக்குப் போகும் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செமஸ்டர் பரீட்சை முடிந்ததும் நம்ம மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பக்கமாகப் பிரிவார்கள். ஒரு கூட்டம் திருவனந்தபுரம் கழக்கூட்டத்துக்கு, டெக்னோபார்க் கம்பெனிகளுக்கு. ஒரு கூட்டம் சென்னைக்கோ பெங்களூருக்கோ. மீதிப் பேர் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துச் சின்ன நிறுவனங்களில் சேர்வார்கள், அல்லது வீட்டிலிருந்தே வேலை பார்ப்பார்கள். எங்கே போனாலும் கோடைக்குக் கோடை அதே தவறுகள்தான் திரும்ப வருகின்றன. நேரத்துக்குப் போக வேண்டும், மெயிலுக்குப் பதில் போட வேண்டும் என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதை விட்டுவிட்டு, வேலைக்குள் போனபிறகு நடப்பதைப் பார்ப்போம்.

காசு கட்டிச் சேரும் இன்டர்ன்ஷிப்

வேண்டாம். சர்டிஃபிகேட் கிடைக்கும்; அதைப் பற்றி இன்டர்வியூவில் கேட்கிற இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்காது.

ஒரு வரி மாற்றத்துக்கு அறுநூறு வரி டிஃப்

பட்டனின் பெயரை மாற்றச் சொல்லியிருப்பார்கள். புல் ரிக்வெஸ்டை, அதாவது உங்கள் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கையைத் திறந்தால், மாறிய வரிகளைக் காட்டும் டிஃபில் கோப்பு முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக இருக்கும். இதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, எடிட்டர் சேவ் செய்யும்போதே முழுக் கோப்பையும் தன் இஷ்டத்துக்கு ஃபார்மேட் செய்திருக்கும். இன்னொன்று, வரி முடிவு. விண்டோஸில் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு எழுத்துகள், லினக்ஸில் ஒன்று. எடிட்டர் அதை மாற்றிவிட்டால் எல்லா வரியும் மாறியதாகவே கிட் (கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) கணக்கெடுக்கும். விஎஸ் கோடில் வலது கீழ் மூலையைப் பாருங்கள், எந்த வகை என்று அங்கே காட்டும். ரெப்போவில் (புராஜெக்டின் கோட் இருக்கும் கிட் களஞ்சியம்) ஃபார்மேட்டர் அமைப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அந்த ஃபோல்டருக்கு மட்டும் சேவ் செய்யும்போது ஃபார்மேட் ஆவதை நிறுத்திவிடுங்கள்.

முதல் கமிட்டுக்கு (மாற்றத்தைக் கிட்டில் பதிவுசெய்வது) முன்னால் கிட் அமைப்பில் இருக்கிற மின்னஞ்சலையும் சரிபாருங்கள். கல்லூரி லேபில் போட்ட முகவரி அப்படியே இருந்தால், இரண்டு மாத வேலையும் வேறு கணக்கின் பெயரில் நிற்கும்.

பாஸ்வேர்டும் கீயும் கிட்டுக்குள் போவது

இதை விரிவாகவே சொல்ல வேண்டும். மற்ற தவறுகளால் உங்கள் நேரம்தான் போகும். இதனால் நிறுவனத்தின் பணமும் வாடிக்கையாளரின் தகவலும் போகும். எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு என்பதால், ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எரிச்சல்தான் வருகிறது.

பேக்எண்ட் வேலைக்கு வந்தவர் கையில் முதல் வாரத்திலேயே டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் ஆக்சஸ் கீ, எஸ்எம்எஸ் அனுப்பும் சேவையின் டோக்கன் எல்லாம் வந்து சேரும். முதலில் ஓடுதா பார்ப்போம், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று கோடிலேயே நேராக எழுதிவைப்பார். கிட் ஆட் கட்டளையோடு ஒற்றைப் புள்ளி வைத்தால் அந்த ஃபோல்டரில் இருக்கிற அத்தனையும் ஏறும். பிறகு கமிட், புஷ் (சர்வருக்கு ஏற்றுவது). ரெப்போ பிரைவேட்டாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஜூன் கடைசியில், பிளேஸ்மென்டில் காட்ட ஒரு புராஜெக்ட் வேண்டுமே என்று அதே ஃபோல்டரைத் தன் சொந்த கிட்ஹப் கணக்கில் பப்ளிக்காகப் போடுவார். பாஸ்வேர்ட் ஞாபகம் வந்து அந்த வரியை அழித்து இன்னொரு கமிட்டும் போடுவார். அதோடு தீர்ந்தது என்று நினைத்துக்கொள்வார்.

தீரவில்லை. கிட் ஒவ்வொரு கமிட்டின் நிலையையும் சேர்த்துவைக்கிறது. அழித்த வரி பழைய கமிட்டில் அப்படியே கிடக்கும். கிட் லாக் கட்டளையில் பெரிய எஸ் தெரிவைக் கொடுத்து ஒரு சொல்லைத் தேடினால், அது எந்தக் கமிட்டில் நுழைந்தது, எதில் போனது என்று இரண்டையும் காட்டிக்கொடுத்துவிடும். பப்ளிக் ரெப்போக்களை இதற்கென்றே துழாவும் போட்கள் இருக்கின்றன. ஏடபிள்யூஎஸ்ஸின் நிரந்தர ஆக்சஸ் கீ ஏ-கே-ஐ-ஏ என்று தொடங்கும், மொத்தம் 20 எழுத்து. அதன் ரகசியப் பகுதி 40 எழுத்து. இவ்வளவு சீரான அமைப்பைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும், நிமிடக்கணக்கில் எடுத்துவிடுவார்கள். எடுத்தவர்கள் வழக்கமாகச் செய்வது பெரிய சர்வர்களைக் கிளப்பி கிரிப்டோ மைனிங் ஓட்டுவது. நிறுவனம் மும்பை ரீஜனை (ஏடபிள்யூஎஸ் சர்வர்கள் இருக்கும் பகுதி) மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். சர்வர்கள் வேறு ரீஜன்களில் ஓடிக்கொண்டிருக்கும். பில் வரும்போதுதான் விஷயம் தெரியும்.

கிட்ஹப்பே தடுத்துவிடாதா என்று கேட்பார்கள். 2024 முதல் பப்ளிக் ரெப்போக்களில், ரகசியம் இருந்தால் புஷ்ஷைத் தடுக்கும் புஷ் புரொடக்‌ஷன் இயல்பாகவே இயங்குகிறது, உண்மைதான். ஆனால் அது தனக்குத் தெரிந்த வடிவங்களை மட்டுமே பிடிக்கும். ஊர்ப் பெயரையும் பின்கோடையும் சேர்த்து வைத்த டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் அதற்குச் சாதாரண எழுத்து. பிடித்தாலும், டெஸ்டுக்கு வைத்தது என்று ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்தால் வழிவிட்டுவிடும். அவசரத்தில் அதைத் தேர்ந்தெடுத்துத் தாண்டிப் போகிறவர்கள் நிறைய. ஏடபிள்யூஎஸ்ஸும் வெளியே கசிந்த கீயைக் கண்டால் அந்தப் பயனர்மேல் ஒரு குவாரன்டைன் பாலிசியை மாட்டும். அது சில செயல்களை மட்டும்தான் தடுக்கும், கீ உயிரோடுதான் இருக்கும்.

ஏறிவிட்டது என்று தெரிந்த நொடியில் செய்ய வேண்டியவற்றின் வரிசை முக்கியம். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

முதலில், வாய்விட்டுச் சொல்லுங்கள். மெயில் போட்டுக் காத்திருக்காமல் மென்டருக்கு ஃபோன் போடுங்கள். எந்தக் கீ, எந்த ரெப்போ, எந்தக் கமிட், எத்தனை மணிக்குப் புஷ் ஆனது என்ற நான்கும் சொன்னால் போதும். இரண்டாவது, கீயைச் செல்லாததாக்குவது. இதை நீங்களாகச் செய்யாதீர்கள், அதே கீயில் வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் புரொடக்‌ஷன் ஓடிக்கொண்டிருக்கலாம். ஏடபிள்யூஎஸ்ஸில் ஒரு பயனருக்கு இரண்டு ஆக்சஸ் கீ வைத்துக்கொள்ளலாம். ஆகவே இரண்டாவது இடம் காலியாக இருந்தால், புதியதை உருவாக்கி, சர்வரில் மாற்றி, பழையதை உடனே முடக்குவார்கள், சேவை நிற்காது. மூன்றாவது, அந்தக் கீயை வைத்து யார் என்ன செய்தார்கள் என்று ஏடபிள்யூஎஸ்ஸின் செயல்பதிவான கிளவுட்டிரெயிலில் பார்ப்பது. அங்கே 90 நாள் வரலாறு இருக்கும். எல்லா ரீஜனையும் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்தபிறகுதான் கிட் வரலாற்றைச் சுத்தம் செய்வது. அதற்கு ஃபில்டர்-ரெப்போ என்ற கருவி இருக்கிறது. ஆனால் வரலாற்றை மாற்றி ஃபோர்ஸ் புஷ் செய்தாலும் (பழையதன்மேல் வலுக்கட்டாயமாக ஏற்றினாலும்), பழைய கமிட்டின் ஹாஷ் (அடையாள எண்) தெரிந்தவருக்கு அது கிட்ஹப்பில் இன்னும் திறக்கக்கூடும். குளோன் (முழு நகல்) எடுத்தவர் கணினியில் இருப்பதும் போகாது. ரெப்போவைப் பிரைவேட் ஆக்கினாலும், அதிலிருந்து எடுத்த பப்ளிக் ஃபோர்க் (வேறொருவர் கணக்கில் இருக்கும் நகல்) பப்ளிக்காகவே நிற்கும். கசிந்த கீ கசிந்ததுதான்; அதைக் கொன்றால் மட்டுமே பிரச்சினை முடியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதைக் கவனித்து, பயந்து, ரெப்போவையே டெலீட் செய்துவிட்டு, குழித்துறைக்கு ரயிலேறி, திங்கட்கிழமை காலையில் மென்டரிடம் சொன்ன மாணவர் உண்டு. அந்த இரண்டு நாளும் கீ வேலை செய்துகொண்டுதான் இருந்தது. கீயைக் கமிட் செய்ததற்கு அவரை யாரும் திட்டவில்லை. சொல்லாமல் ஊருக்குப் போனதற்குத்தான் அவருடைய எல்லா அனுமதியும் பறிபோனது.

வராமல் தடுப்பது எளிது. ரகசியங்களைக் கோடுக்கு வெளியே தனி என்வ் (.env) கோப்பில் வையுங்கள். ரெப்போவின் முதல் கமிட்டிலேயே அந்தக் கோப்பின் பெயர் கிட்இக்னோரில், அதாவது கிட் கண்டுகொள்ளக் கூடாத கோப்புகளின் பட்டியலில் இருக்கட்டும். ஏற்கெனவே கிட் கண்காணிக்கிற கோப்பைக் கிட்இக்னோர் தடுக்காது. தாமதமாகச் சேர்த்தால் கிட் ஆர்எம் கட்டளையில் கேஷ்ட் தெரிவைக் கொடுத்து முதலில் அதை வெளியே எடுக்க வேண்டும். மதிப்புகள் காலியாக, பெயர்கள் மட்டும் உள்ள மாதிரிக் கோப்பு ஒன்றைக் கமிட் செய்யுங்கள். அடுத்து வருகிறவருக்கு அது போதும். ஒற்றைப் புள்ளி பழக்கத்தை விட்டுவிட்டு, கோப்புப் பெயரைச் சொல்லியே ஆட் செய்யுங்கள். கமிட்டுக்கு முன் ஸ்டேஜ் ஆனதன் (ஆட் செய்ததன்) டிஃபை ஒருமுறை படியுங்கள். ரகசியங்களைத் தேடும் கிட்லீக்ஸ் என்ற இலவசக் கருவியை ப்ரீ-கமிட் ஹூக்கில் (கமிட்டுக்கு முன் தானாக ஓடுவது) போட்டுவைத்தால் அதுவும் ஒரு காவல்.

ஃபிரண்ட்எண்ட் ஆட்களுக்குத் தனியாக ஒன்று. வீட் (Vite) என்ற பில்டு கருவியில் அதன் பெயரையே முன்னொட்டாக வைத்து என்வ் கோப்பில் எழுதும் மதிப்புகள் பில்டுக்குள் போய்விடும்; பிரவுசரில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். என்வ் கோப்பில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள், ரகசியம் சர்வர் பக்கம்தான் இருக்க வேண்டும். கூகுளின் ஃபயர்பேஸ் சேவையில் வெப் கான்ஃபிகில் வருகிற ஏபிஐ கீ ரகசியமல்ல, டேட்டாவைக் காப்பது செக்யூரிட்டி ரூல்ஸ். ஆனால் சர்வர் பக்கம் நுழைவதற்கான சர்வீஸ் அக்கவுன்ட் ஜேசன் கோப்பு முழு ரகசியம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, பூட்ட வேண்டியதைத் திறந்து வைப்பவர்கள் அதிகம்.

கிட்டுக்கு வெளியேயும் கசியும். கல்லூரியில் கொடுக்கிற இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட்டின் பின்னிணைப்பில் சோர்ஸ் கோடை அப்படியே ஒட்டி ஸ்பைரல் பைண்டிங் போடுவார்கள். கனெக்‌ஷன் ஸ்ட்ரிங் பாஸ்வேர்டோடு அச்சாகியிருக்கும். அதே பிடிஎஃப் ஜூனியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் போகும். ஏபிஐ-யைச் சோதிக்கும் போஸ்ட்மேன் கருவியின் கலெக்‌ஷனை எக்ஸ்போர்ட் செய்து அனுப்பும்போது உள்ளே டோக்கன் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு விஷயம்: அந்தக் கோட் நிறுவனத்துடையது. பாஸ்வேர்டே இல்லாவிட்டாலும் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் உங்கள் கணக்கில் போடக் கூடாது. பிளேஸ்மென்டில் காட்ட வேண்டுமென்றால், அதே உத்தியை வைத்து, பொய்யான டேட்டாவோடு, சின்னதாக ஒன்றைப் புதிதாக எழுதுங்கள். இன்டர்வியூ எடுப்பவருக்கு அதுவே போதும்.

கேட்காமல் உட்கார்ந்திருப்பது

அண்ணன் பிஸியாக இருப்பாங்க, அக்கா என்ன நினைப்பாங்களோ என்று இரண்டு நாள் ஒரே பிழையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முக்கால் மணி நேரம் முயன்றும் நகரவில்லையென்றால் கேளுங்கள். ஆனால் ‘அண்ணா, ரன் ஆகல’ என்று மட்டும் அனுப்பினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்தக் கட்டளை கொடுத்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, இதுவரை எதையெல்லாம் முயன்றீர்கள், எந்தப் பிராஞ்ச் (கோடின் எந்தக் கிளை) என்று எழுதுங்கள். திரையை மொபைலில் படமெடுத்து அனுப்பாதீர்கள், பிழையை எழுத்தாகவே ஒட்டுங்கள். அதற்கு முன் நீங்களே படிக்கவும் வேண்டும். பைத்தானில் கடைசி வரியிலிருந்து மேலே போங்கள். ஜாவாவில் ‘காஸ்ட் பை’ என்று வருபவற்றில் எல்லாவற்றுக்கும் கீழே இருப்பதைப் பாருங்கள்.

டெக்னோபார்க் மீட்டிங்கில் மலையாளம்

பேச்சு தானாக மலையாளத்துக்கு மாறும். கேரள எல்லையை ஒட்டிய விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். தோவாளைப் பக்கத்திலிருந்து போனவர் தலையாட்டாமல், ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லுங்கள் என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும்.

வேலை முழுவதும் லேப்டாப்பிலேயே இருப்பது

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு இது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் காற்றில் மரக்கொம்பு கம்பிமேல் விழும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளும் உண்டு. முந்தின நாளே செய்தித்தாளில் வந்துவிடும், பாருங்கள். லேப்டாப்பில் சார்ஜ் நிற்கும், ஃபைபர் மோடம்தான் முதலில் அணையும். அதற்கென்று சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது. வாங்கும் முன் மோடம் அடாப்டரில் எழுதியிருக்கிற வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து வாங்குங்கள். வேலை பாதியில் இருந்தாலும் சாயங்காலம் உங்கள் பிராஞ்சில் புஷ் செய்துவிடுங்கள்.

கடைசி வாரத்தில் புதிய ஃபீச்சர்

தொடங்காதீர்கள். திறந்திருக்கிற புல் ரிக்வெஸ்ட்களை மெர்ஜ் ஆக்குங்கள். எது முடிந்தது, எது பாதி, எந்தப் பிழை தெரிந்தே இருக்கிறது, லோக்கலில் எப்படி ஓட்டுவது என்று ரீட்மீயில் எழுதுங்கள். உங்களுக்குக் கொடுத்த ஒவ்வொரு அனுமதியையும் பட்டியலிட்டு, எடுத்துவிடச் சொல்லி மென்டருக்கு மெயில் போடுங்கள்.